ஆமை நடைக்குக் குடும்பத்தோட போனவங்க இருக்கீங்களா?

மயிலை_மாடிவீடு:
போன சனிக்கிழமை ராத்திரி நீலாங்கரையில ஆரம்பிச்ச நடை. நான், வீட்டுக்காரர், மூணாவது படிக்கிற பொண்ணு. புதுசா படிக்கிறவங்களுக்கு: ஆமை நடைன்னா, முட்டை போடக் கரையேறுற கடல் ஆமைகளைத் தேடி, முட்டையைப் பாதுகாப்பா எடுத்து வைக்க, தன்னார்வலர்களோட ராத்திரி சென்னைக் கடற்கரையில நடக்கறது. புறப்பட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகலை, பாலவாக்கம் பக்கம் முன்னாடி போன பசங்க நின்னுட்டாங்க. செத்த ஆமை. கண்ணு ரெண்டும் வெளிய பிதுங்கி, கழுத்து வீங்கிப் போயிருந்துச்சு. தன்னார்வலர் ஒருத்தர் டேப் வெச்சு ஆமையோட ஓடு எவ்வளவு நீளம்னு அளந்து நோட்டுல எழுதினார். என் பொண்ணு குந்தி உட்கார்ந்து, ஓட்டு மேல இருந்த மணலைக் கையால தட்டிவிட ஆரம்பிச்சுட்டா. "அங்கிள், இது முட்டை போட வந்துச்சா, போட்டுட்டுத் திரும்பிப் போச்சா?"ன்னு கேட்டா. அவர் கொஞ்சம் யோசிச்சு, "வந்துட்டு இருந்திருக்கு பாப்பா"ன்னார்.

அதுக்கப்புறம் பெசன்ட் நகர் வரைக்கும் உயிரோட ஒண்ணுகூடக் கண்ணுல படலை. ரெண்டு மணிக்கு மேல வீட்டுக்காரர் பொண்ணைத் தோள்ல தூக்கிட்டுத்தான் வந்தார். அவ தூங்கலை. இப்பவும் ராத்திரி விளக்கை அணைச்சா அந்த முட்டைகளைப் பத்திக் கேக்கறா. உங்க பிள்ளைங்க இப்படிப் பார்த்திருக்காங்களா? என்ன சொன்னீங்க?

அடையாறு_ஆலமரம்:
நாங்க போனது மாசி மாசம், எங்க அத்தையையும் கூட்டிட்டு. வேண்டாம்னு எல்லாரும் சொன்னாங்க, கேக்கலை. முழங்கால் வலிக்காரங்க, ஆனா எங்களுக்கு முன்னாடி நடந்தாங்க.

வால்மீகி நகர் தாண்டி ஒரு ஆமை கிடைச்சுது. குழி தோண்டி முடிச்சு, முட்டை விட ஆரம்பிச்சிருந்துச்சு. அது மூச்சு விடற சத்தம் இருக்கே, ஹூம்னு, பத்தடி தள்ளி நின்னாலும் கேக்குது. முட்டை ரெண்டு மூணா விழுந்துட்டே இருக்கு. நூறுக்கு மேல போடுமாம். பின்னால இருந்தவங்க தள்ளிக்கிட்டு எட்டிப் பார்க்க, யாரோ செல்போனைத் தூக்க, அத்தை திரும்பி ஒரு அதட்டு போட்டாங்க: "பிரசவ அறையில இப்படித்தான் எட்டிப் பாப்பீங்களாடா? தள்ளிப் போங்க!" மொத்தக் கூட்டமும் ரெண்டடி பின்னால போயிடுச்சு. நடத்துற பையன் சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னான்.

அத்தைக்கு அஞ்சு பிரசவம், அஞ்சும் வீட்லதான். ஆமை குழியை மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கி அடிச்சு மணலைக் கெட்டிப்படுத்தற வரைக்கும் நின்ன இடத்தை விட்டு அசையலை. ஆமை கண்ணுல தண்ணி வழிஞ்சதைப் பார்த்துட்டு அவங்களுக்கும் வழிஞ்சுது.

மயிலை, பொண்ணை மறுபடி கூட்டிட்டுப் போங்க. ஒருதடவை உயிரோட பார்த்துட்டா சரியாயிடும்.

உண்மை_விளம்பி:
முதல்ல ஒரு விஷயம். ஆமை அழாது. உடம்புல சேர்ற உப்பை வெளியேத்த கண்ணோரமா சுரப்பி இருக்கு, கடல்ல இருக்கும்போதும் அது வேலை செஞ்சுட்டேதான் இருக்கும். கரையில நமக்குத் தெரியுது, அவ்வளவுதான். பிரசவ வலின்னு கதை கட்ட வேண்டாம்.

ரெண்டாவது, மூணாவது படிக்கிற குழந்தையை ஏழு கிலோமீட்டர் மணல்ல, அதுவும் ராத்திரி பூரா, எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்? நானும் என் மகனும் போயிருக்கோம். அவன் காலேஜ். ஆமை வந்துச்சு, பார்த்தோம், வந்துட்டோம்.

போறவங்க கவனிக்க வேண்டியது: சாயங்காலம் தூங்கிட்டுப் போங்க. நடுராத்திரிக்கு முன்னால நடை ஆரம்பிக்காது, அதுக்கு முன்னாடி மணல்ல உட்கார வெச்சு ஆமையைப் பத்திப் பேசுவாங்க, அதைத் தவறவிடாதீங்க. பாதி சந்தேகம் அங்கேயே தீந்துடும். வெள்ளைச் சட்டை வேண்டாம், அடர்ந்த நிறம் போடுங்க. டார்ச் கூடவே கூடாது. கரையேறி வர்ற ஆமை வெளிச்சத்தைப் பார்த்துச்சுன்னா முட்டை விடாமலே திரும்பிடும். முட்டை விட ஆரம்பிச்ச பிறகுதான் லேசுல அசையாது. வழியில கழிப்பறை கிடையாது, இதை யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். தண்ணி பாட்டில் ஆளுக்கு ஒண்ணு. பிஸ்கட், கடலை மிட்டாய் போதும், புளியோதரை மூட்டை தூக்கிட்டு வராதீங்க. சாதாச் செருப்பு மணல்ல கழண்டுடும், அதனால வார் வெச்சதா போடுங்க. உடைஞ்ச பாட்டில் கிடக்கும், வெறுங்கால் வீரம் வேண்டாம். தை மாசம் பனி இறங்கும், மங்கி குல்லா கட்டாயம்.

செத்த ஆமைக்குக் காரணம் மீன்பிடிக்கிறவங்க. 2025 ஜனவரியில நூத்துக்கணக்கில ஒதுங்கினதே, மறந்துட்டோமா? குழந்தைகிட்ட அதை நேராச் சொல்லுங்க.

வடை_போச்சே:
சென்னைக்கு மங்கி குல்லாவா? அண்ணே, இருபது டிகிரி.

கரையோரன்:
'மீன்பிடிக்கிறவங்க'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்களே சார். நான் குப்பத்துல பொறந்தவன். நீங்க பனிக்காலத்துல குடும்பத்தோட வர்ற கரை எங்க வீட்டு வாசல். ஞாயித்துக்கிழமை எங்கம்மா கருவாடு காயவெச்சுட்டு, நாங்க எல்லாரும் படகு மறைவுல உட்கார்ந்து வேர்க்கடலை தின்னதுதான் எங்களுக்குப் பிக்னிக்.

ஆமை மூச்சு விட மேல வந்தாகணும். விசைப்படகுல இழுவலையை மணிக்கணக்கா இழுத்தா உள்ள மாட்டினது மேல வர முடியாம மூழ்கித்தான் சாகும். கண்ணு பிதுங்கறது அதான். கரையிலிருந்து அஞ்சு கடல்மைலுக்குள்ள இழுவலை கூடாதுன்னு இருக்கு. ஆமை புகுந்தா வெளிய தப்பிக்க வலையில வழி வைக்கிற கருவியும் இருக்கு. யார் வைக்கிறாங்கன்னு துறைமுகத்துல போய்க் கேளுங்க. தடைக்காலமோ ஏப்ரல் 15-லதான் ஆரம்பிக்குது, ஆமை ஜனவரியிலேயே வந்துடுது. இதையும் சேர்த்துப் பிள்ளைக்குச் சொல்லுங்க.

நான் சொல்ல வந்தது வேற. சின்ன வயசுல, பொங்கல் லீவுல, அப்பாவோட ஃபைபர் போட்டுல போயிருந்தேன். சித்தப்பாவும் கூட. வலை தூக்கறப்ப கனமா வந்துச்சு, வஞ்சிரம்னு நினைச்சு எனக்கு வாயெல்லாம் பல்லு. பார்த்தா பங்குனி ஆமை, இங்க முட்டை போட வர்ற ஆமையை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். அசையவே இல்லை. அப்பா கத்தியை எடுத்து வலையை அறுத்தார். புது வலை. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கிட்டார். அப்பா ஆமையைப் படகுல வெச்சு, பின்பக்கத்துக்குக் கீழ நீலக் கேனை முட்டுக் கொடுத்து, தலை கீழ இருக்கிற மாதிரி சாய்ச்சுட்டு, மிச்ச வலையை இழுக்க ஆரம்பிச்சுட்டார். வாயிலிருந்து தண்ணி ஒழுகிட்டே இருந்துச்சு. ஓடு காயாம நான் ஈரக் கோணியைப் போட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு, ஆமையோட துடுப்பு மாதிரி கை ஒண்ணு மெதுவா என் முட்டியில பட்டுச்சு. "டேய், முழிச்சுக்கிச்சு, பிடி"ன்னு ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கி விட்டோம்.

கரைக்கு வந்ததும் வலைக்காக வீட்ல பெரிய சண்டை. அம்மா ரெண்டு நாள் அப்பாகிட்ட பேசலை.

உண்மை_விளம்பி:
நான் விசைப்படகைத்தான் சொன்னேன்.

கரையோரன்:
அப்ப அப்படி எழுதியிருக்கலாம் சார்.

குட்டிமா_அப்பா:
சண்டை வேண்டாம். மயிலை சகோதரிக்கு என் யோசனை: குழந்தையை நடைக்குக் கூட்டிட்டுப் போறதைவிட, குஞ்சு விடறதைக் காட்டுங்க. முட்டையைப் பொரிப்பகத்துல புதைச்சு நாப்பத்தஞ்சு, அம்பது நாள்ல பொரியும். அதனால மார்ச், ஏப்ரல்ல பெசன்ட் நகர் பக்கம் சாயங்காலம் போனா, பல நாள் விடுவாங்க. 1988-லேருந்து மாணவர்கள் இதைச் செய்யறாங்க.

எனக்கு மறக்காத விஷயம், பக்கத்துல நின்ன ஒரு வாண்டோட ஷூ. மிதிச்சா குதிகால்ல சிவப்பும் நீலமுமா எரியுமே, அது. கூடையைச் சாய்ச்சாங்க. உள்ளங்கையில பாதிகூட இல்லாத குஞ்சுங்க, கடலைப் பார்த்து வரிசையாப் போயிட்டிருந்துச்சு. நல்லா இருட்டிடுச்சு. இவன் சந்தோஷத்துல குதிக்க, கடைசியில போன நாலஞ்சு நின்னு, திரும்பி, அவன் காலை நோக்கி வர ஆரம்பிச்சுடுச்சு! பையன் பயந்து இன்னும் குதிக்கிறான், ஷூ இன்னும் எரியுது. ஒரு அக்கா ஓடிவந்து அவனை அப்படியே தூக்கி, ஷூவைக் கழட்டித் தன் துப்பட்டாவுக்குள்ள சுத்திட்டாங்க. குஞ்சுங்க குழம்பி நின்னு, மறுபடி கடல் பக்கம் திரும்பினதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. என் பொண்ணு மட்டும் அன்னிக்கு ராத்திரி பூரா எங்கிட்ட அதே ஷூ வாங்கித் தரச் சொல்லி அழுதா.

ஒரு ஷூவுக்கே இந்தக் கதின்னா, மேல இருக்கிற தெருவிளக்கு, ஓட்டல் விளக்கு எல்லாம் என்ன செய்யும்? நிறைய முட்டையைப் பொரிப்பகத்துக்கு எடுத்துட்டு வர்றதே அதனாலதான்.

மயிலை_மாடிவீடு:
எல்லாருக்கும் நன்றி. ஆலமரம், உங்க அத்தை டயலாக்கை வீட்ல படிச்சுக் காட்டினேன். கரையோரன் சார், உங்க அப்பா கதையைத்தான் இன்னிக்குப் பொண்ணுகிட்ட சொல்லப் போறேன். நீலக் கேன் வரைக்கும்.

கோவை_குளிர்:
கேள்வி ஒண்ணு. நாங்க பிப்ரவரியில வர்றோம், நாலு பேர். நீலாங்கரையில காரை விட்டுட்டு நடந்தா, பெசன்ட் நகர்ல முடியறப்ப திரும்ப எப்படிப் போறது? பஸ் இருக்குமா?

அடையாறு_ஆலமரம்:
முடிய விடிகாலை நாலு ஆகும், பஸ்ஸை நம்பாதீங்க. காரை பெசன்ட் நகர்ல விட்டுட்டு, ராத்திரி ஆட்டோ பிடிச்சு நீலாங்கரைக்குப் போயிடுங்க. நாங்க அப்படித்தான் செஞ்சோம்.