13 வயதுப் பையன்களுக்கு டிஃபென்ஸ் லைனை மேலே ஏற்றலாமா?

ஆறாம் நம்பர்

13 வயதுக்குட்பட்ட ஃபுட்பால் டீம் ஒன்றுக்கு வாரக் கடைசியில் பயிற்சி கொடுக்கிறோம், நானும் இன்னொரு கோச்சும். அவர் ஒரே பிடியாக நிற்கிறார்: பின்வரிசை (டிஃபென்ஸ் லைன்) நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், பந்து பறிபோன இடத்திலேயே திரும்பப் பிடுங்க வேண்டும். விளைவு என்ன தெரியுமா? போன மேட்சில் வாங்கிய கோல் எல்லாம் ஒரே அச்சு. எதிர் டீம் ஹாஃப் (நடுவரிசை ஆள்) நிதானமாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிறான், எங்கள் ஆட்களின் தலைக்கு மேலே தூக்கிப் போடுகிறான், அவர்கள் விங்கர் ஓடிப்போய் எடுக்கிறான், எங்கள் ஸ்டாப்பர் (நடு டிஃபென்டர்) இரண்டு பேரும் ஆஃப்சைடு (பந்து அடிக்கும் நொடியில் கடைசி டிஃபென்டரைத் தாண்டி நிற்பது) என்று கையைத் தூக்கிக்கொண்டு லைன்ஸ்மேனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். இந்த வயதுக்கு முதலில் பெனால்டி பாக்ஸ் முன்னால் கட்டுக்கோப்பாக நிற்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் வாருங்கள், சவுதி கதையை மட்டும் எடுக்காதீர்கள்.

மேலேறு மேலேறு

எடுக்காதீர்கள் என்றால் எடுப்பேன். 2022 உலகக் கோப்பை, நவம்பர் 22, லுசைல் மைதானம், சவுதியும் அர்ஜென்டினாவும். பத்தாவது நிமிடமே மெஸ்ஸி பெனால்டி அடித்துவிட்டார். சவுதி கோச் எர்வே ரெனார் பயந்துபோய் லைனை இறக்கினாரா? முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா ஏழு தடவை ஆஃப்சைடு. மெஸ்ஸி ஒன்று, லவுத்தாரோ மார்டினெஸ் இரண்டு என்று வலைக்குள் போன மூன்று பந்து செல்லாமல் போனது. இடைவேளைக்குப் பிறகு ஐந்தே நிமிட இடைவெளியில் சவுதி இரண்டு கோல், 2-1 வெற்றி.

உங்கள் கோல்களுக்கு லைன் காரணமில்லை அண்ணே. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த ஹாஃப் நிதானமாகத் தலையைத் தூக்கிப் பார்த்தான் என்று. அவனை யார் நிதானமாகப் பார்க்க விட்டது? பந்து வைத்திருப்பவனை நெருக்க ஆள் இல்லையென்றால் லைன் எங்கே நின்றாலும் ஓட்டைதான்.

பழைய ஸ்டாப்பர்

தம்பி, அந்த ஒரு மேட்சை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீர்கள்? அடுத்து போலந்திடம் 2-0, மெக்சிகோவிடம் 2-1, மூட்டை கட்டியாகிவிட்டது. அதே உலகக் கோப்பையில் மொராக்கோவைப் பாருங்கள். அரையிறுதிக்குப் போகும்வரை வாங்கியது ஒரே கோல், அதுவும் கனடாவுக்கு எதிராகச் சொந்த ஆள் காலில் பட்டுப் போனது. ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டும் 120 நிமிடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஷூட்அவுட்டிலும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஜப்பான் ஸ்பெயினை ஜெயித்த அன்று ஜப்பானிடம் பந்து இருந்தது 18 சதவீதத்துக்கும் குறைவு. டிஃபென்ஸ் என்றால் பொறுமை. அதைச் சின்ன வயதில் சொல்லித் தராவிட்டால் பிறகு வராது.

மேலேறு மேலேறு

சவுதி அடுத்த மேட்சுகளில் கோல் எப்படி வாங்கியது என்று பார்த்தீர்களா? மெக்சிகோவின் முதல் கோல் கார்னரிலிருந்து, இரண்டாவது லூயிஸ் சாவேஸ் அடித்த ஃப்ரீகிக். போலந்தின் இரண்டாவது கோல், சொந்த பாக்ஸ் வாசலில் பந்தை வைத்து விளையாடப் போய் லெவன்டோவ்ஸ்கியிடம் தாரை வார்த்தது. லைன் உயரமாக இருந்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தோற்ற டீமின் எல்லாக் கோலையும் பிடிக்காத ஒரு விஷயத்தின் தலையில் கட்டுவது சுலபம்.

பழைய ஸ்டாப்பர்

சரி, கார்னரை விடுவோம். 1980களின் கடைசியில் ஏ.சி. மிலான் கிளப்பில் கோச் அரிகோ சாக்கி வைத்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு பக்கம் கோலி (கோல்கீப்பர்) கல்லி, அவருக்கு முன்னால் தசோட்டி, மால்டினி, கோஸ்டாகுர்டா, பரேசி. மொத்தம் ஐந்து பேர். எதிரே குலிட், வான் பாஸ்டன் உட்படப் பத்துப் பேர். பதினைந்து நிமிடத்துக்குள் கோல் போட வேண்டும், பந்து பறிபோனால் தங்கள் பாதிக்குள் பத்து மீட்டர் பின்வாங்கித்தான் மறுபடி தொடங்கலாம். பத்துப் பேராலும் ஒரு கோல் போட முடியவில்லை. ஒழுங்காக நிற்கும் நாலு பேர் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மேலேறு மேலேறு

ஐயோ, சாக்கியை நீங்கள் சாட்சிக்குக் கூப்பிடுவதா! பாக்ஸ் முன்னால் அடைத்து நின்றவரா அவர்? கடைசி டிஃபென்டருக்கும் முன்னால் நிற்கும் ஃபார்வர்டுக்கும் நடுவே 25 மீட்டர் என்று கணக்கு வைத்து, மொத்த டீமையும் ஒரே கட்டாக மேலே தள்ளியவர். 1989 ஏப்ரலில் ரியல் மாட்ரிடை 5-0 என்று அடித்த டீம் அது. அந்தப் பயிற்சியும் நின்ற இடத்தில் நிற்கக் கற்றுக்கொடுப்பதற்கு இல்லை. பந்து நகரும் ஒவ்வொரு தடவையும் நாலு பேரும் சேர்ந்து நகர்வதற்கு.

கோலி மட்டும்

எல்லோரும் பத்து ஆட்டக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், பின்னால் ஒருத்தன் தனியாக நிற்கிறான். கோல்போஸ்ட் பெரியவர்களுடையது என்றால் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். 12 வயதுப் பையன் கையைத் தூக்கிக் குதித்தாலும் குறுக்குக்கம்பம் எட்டாது. பாக்ஸ் முன்னால் அடைத்து நின்றால் என்ன நடக்கும்? எதிரி வெளியிலிருந்து உயரமாக ஒரு பந்தைச் சும்மா அடித்துப் பார்ப்பான், அது கோலியின் விரலுக்கு மேலே போய் விழும், பழி அவன் மேல். லைன் மேலே இருந்தால் குறைந்தபட்சம் அவன் முன்னால் ஓடி வந்து காலால் அடித்து வெளியேற்றலாம். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனி கோலி நோயர் பாக்ஸைத் தாண்டித் தாண்டி வந்து செய்ததும் அதுதான். நம் ஊர்க் காய்ந்த கிரவுண்டில் தூக்கிப் போடும் பந்து குத்தி எகிறிக் கோலி பக்கமாகத்தான் ஓடும், முதல் அடி சீக்கிரம் எடுத்தால் அவன்தான் முதலில் தொடுவான். ஆனால் அந்தப் பயிற்சியை எந்தக் கோச் கொடுக்கிறார்? கோலியை ஓரமாக நிற்க வைத்துப் பந்து பிடிக்கச் சொல்வதோடு சரி.

விசில்காரன்

லைனை ஏற்றுவது வேறு, எதிரியை ஆஃப்சைடில் மாட்டவைக்கச் சேர்ந்து முன்னேறும் ஆஃப்சைடு பொறி வைப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். லவுத்தாரோவின் முதல் கோல் வீடியோ பார்த்துத்தான் ரத்தானது, அவ்வளவு நெருக்கம். பையன்கள் டோர்னமென்டில் கொடி பிடிப்பவர் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும் சப்ஸ்டிட்யூட்டின் அண்ணன். பந்தைத்தான் பார்ப்பார், கடைசி டிஃபென்டரோடு ஓட மாட்டார். கையைத் தூக்கிவிட்டு நிற்கிற பழக்கத்தை முதலில் ஒழியுங்கள். இன்னொன்று, எதிரி தன் பாதியிலிருந்து ஓடத் தொடங்கினால் ஆஃப்சைடே கிடையாது. லைனை நடுக்கோட்டிலேயே நிறுத்தினால் வேகமான விங்கருக்குச் சும்மா கதவைத் திறந்து விடுகிறீர்கள். கோல்கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கும் ஆஃப்சைடு இல்லை, இது பல கோச்சுகளுக்கே தெரியாது. நான் விசில் ஊதினால் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

ஆறாம் நம்பர்

அப்போ எங்கள் கோச் நடுக்கோட்டில் நிறுத்தியது தப்பு என்று விசில்காரரே சொல்லிவிட்டார், நன்றி. பந்துக்காரனை நெருக்கினால் ஏறு, அவன் தலையைத் தூக்கிவிட்டால் திரும்பி ஓடு, இதை ஆறுக்கு ஆறு ஆட்டமாக வைத்துப் பார்க்கிறேன். ஆனால் தொடங்கும் இடம் பாக்ஸ் விளிம்பிலிருந்து பத்து மீட்டர் மேலே, அதற்கு மேல் ஒரு அடி இல்லை.

மேலேறு மேலேறு

பத்து மீட்டரா! உங்கள் ஃபார்வர்டு எங்கே நிற்பான், அடுத்த தெருவிலா? நடுவில் இருக்கும் அவ்வளவு இடத்தையும் இரண்டு ஹாஃப் எப்படி மூடுவார்கள்?

பழைய ஸ்டாப்பர்

ஃபார்வர்டையும் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஏறு, இறங்கு என்று கத்துவது யார் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டு ஸ்டாப்பரும் கத்தினால் ஒருத்தன் ஏறுவான், ஒருத்தன் இறங்குவான்.

கோலி மட்டும்

கோலி கத்தட்டும். மொத்த ஆட்டமும் அவன் கண் முன்னால்தானே நடக்கிறது.