பெருங்குடல் புற்றுநோய்க் கலமும் குளுக்கோசும்: ‘அரைப்பகுப்பு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பெருங்குடல் புற்றுநோய்க் கலத்தில் வளர்ச்சிக் காரணியால் தூண்டப்படும் ‘aerobic glycolysis’, அதாவது ஒட்சிசன் இருந்தும் குளுக்கோசைப் பாதிவழி மட்டும் உடைப்பது, இதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்று பேராதனையில் மருத்துவம் படிக்கும் தங்கை இங்கே கேட்டிருந்தார். இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. சென்னை நண்பர் ‘காற்றுச் சர்க்கரைச் சிதைவு’ என்கிறார். மட்டக்களப்பு ஆசிரியர் ஐயா ‘ஒட்சிசனுடன் நொதித்தல்’ என்கிறார். ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில், கலத்துக்குள் என்ன நடக்கிறது? சாதாரணக் கலம் குளுக்கோசைப் பைருவேற்றாக உடைத்து, ஒட்சிசன் இருந்தால் அதைக் கலத்தின் சக்தி நிலையமான இழைமணிக்கு (மைற்றோகொண்ட்ரியா) அனுப்பி முழுவதுமாக எரித்துவிடும். ஒரு குளுக்கோசுக்குச் சுமார் 30 ஏ.ரி.பி., அதாவது கலம் சக்தியாகச் செலவிடும் மூலக்கூறு, கிடைக்கும். புற்றுநோய்க் கலங்கள் பலவும், தாராளமாக ஒட்சிசன் இருக்கும்போதே, குளுக்கோசின் பெரும்பகுதியைப் பாதிவழியில் இலத்திக்கமிலமாக்கி வெளியே தள்ளுகின்றன. அந்த வழியில் கிடைப்பது 2 ஏ.ரி.பி. மட்டும். 1920களில் ஜெர்மன் விஞ்ஞானி ஒட்டோ வார்பர்க் கவனித்தது இதைத்தான். கலம் பிரிய வேண்டுமானால் சக்தி மட்டும் போதாது, புதிய டி.என்.ஏ.வுக்கும் மென்சவ்வுக்கும் காபன் வேண்டும். பாதிவழியில் நிற்கும் இடைப்பொருள்களிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம்.

கலத்தை வளரவும் பிரியவும் தூண்டும் புரதமான வளர்ச்சிக் காரணி நுழைவது இங்கேதான். மேற்றோல் வளர்ச்சிக் காரணி, அதாவது ஈ.ஜி.எப்., பெருங்குடல் கலத்தின் மேலுள்ள வாங்கியில் (receptor) ஒட்டியதும் உள்ளே ராஸ், பி.ஐ.3 கைனேசு, ஏ.கே.ரி. என்ற புரதங்கள் வழியாகச் சமிக்ஞை இறங்குகிறது. குளுக்கோசை உள்ளே விடும் குளுட்-1 புரதம் மென்சவ்வில் கூடுகிறது. எக்சோகைனேசு-2 நொதியம் வந்த குளுக்கோசில் பொசுபேற்றைச் சேர்த்து, அது திரும்பி வெளியேறாதபடி செய்துவிடுகிறது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியும் இதே பாதையைத் தூண்டக்கூடியது. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் கே-ராஸ் மரபணு மாறியிருக்கும். அப்போது வெளியிலிருந்து காரணி வராமலே உள்ளே சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். வாங்கியை அடைக்கும் செட்டுக்சிமாப் மருந்து இந்த மாற்றமுள்ள நோயாளிகளுக்குப் பலன் தராததும் அதனால்தான். கே-ராஸ் மாறிய கலங்களில் குளுட்-1 மிகுந்திருப்பதை 2009இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, இனிச் சொல்லுக்கு வருவோம்.

‘நொதித்தல்’ மலையகத்தில் குழப்பும். தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டிய கொழுந்தைப் பரப்பிக் காற்றுப்பட வைப்பதை ‘பெர்மென்டேஷன்’ என்பார்கள். உண்மையில் அது ஒட்சியேற்றம். இலைக்குள்ளிருந்த நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் கொழுந்தைச் செம்பு நிறமாக்குகிறது. ஒட்சிசன் இல்லாவிட்டால் அந்த வேலையே நடக்காது. தொழிற்சாலைக்குள் வளர்ந்த பிள்ளையிடம் ‘ஒட்சிசனுடன் நொதித்தல்’ என்றால் அவன் புற்றுநோய்க் கலமும் இந்த வேலைக்கு ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது என்றே எடுத்துக்கொள்வான். ஐயா சொல்லவந்ததற்கு நேர் எதிரான பொருள் அது.

‘சர்க்கரை’, ‘சீனி’ இரண்டையும் நான் எதிர்ப்பதற்குக் காரணம் இன்னும் கனமானது. மஹரகம புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துவந்த ஒருவர் வீட்டில், புற்றுநோய் சீனி தின்னும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தேத்தண்ணியில் சீனியை நிறுத்தியதோடு சோற்றையும் பாதியாக்கிவிட்டார்கள். சீனியை நிறுத்தினாலும் ஈரல் குளுக்கோசை ஆக்கி இரத்தத்தில் அளவைக் காத்துக்கொள்ளும். கட்டி பட்டினி கிடக்காது, மெலிவது நோயாளிதான். சிகிச்சை நடக்கும்போது உடம்பு மெலிவது எவ்வளவு ஆபத்து என்று மருத்துவத் தங்கைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இந்தச் சொல் பாடநூலைத் தாண்டித் தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரொட்டி வரைக்கும் போகும். ஆகவே ‘குளுக்கோசு’ என்றே இருக்கட்டும்.

என் பரிந்துரை: குளுக்கோசு அரைப்பகுப்பு. கிளைக்கோபகுப்பு (glycolysis) என்ற பாடநூற் சொல்லோடு ‘பகுப்பு’ உறவு காக்கும். பாதிவழியில் நிற்பதை ‘அரை’ காட்டிவிடும். காரணியால் தூண்டப்பட்டதை மட்டும் பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் ‘காரணிதூண்டு அரைப்பகுப்பு’ எனலாம்.

‘அரை’ என்றால் அரைக்கிற வேலை நினைவுக்கு வராதா என்று தங்கை தனிமடலில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அரைவட்டம், அரைவாழ்வுக்காலம் என்று படிக்கும் பிள்ளைகள் யாரும் அம்மியை நினைப்பதில்லை. ‘குறைப்பகுப்பு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். குறைவாகப் பகுப்பது என்று படிப்பார்கள், கலமோ வழமையைவிடக் கூடுதலான குளுக்கோசை அல்லவா பகுக்கிறது?

ஒரு குறை மட்டும் தீரவில்லை. ஒட்சிசன் இருந்தும் இப்படி நடக்கிறது என்பது ‘அரைப்பகுப்பு’ என்ற சொல்லுக்குள் இல்லை. வேகமாக ஓடும்போது தசையில் நடப்பதும் அரைப்பகுப்புத்தான், அங்கே ஒட்சிசன் போதாமல் நடக்கிறது. தசையில் நடப்பதற்குக் ‘காற்றின்றிய அரைப்பகுப்பு’ என்று வைத்தால், புற்றுநோய்க் கலத்தில் நடப்பதற்குக் ‘காற்றுள்ள அரைப்பகுப்பு’ பொருந்துமா? ‘காற்றுள்ள’ என் காதுக்கு இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஐயாவும் சென்னை நண்பரும் இதற்கு ஒரு முன்னொட்டு யோசித்துச் சொல்லுங்கள்.