ஒற்று மிகும் இடங்கள்

முரளி, அதிகாலை 4:38
யாராவது விழித்திருக்கிறீர்களா

முரளி
அப்பா வீட்டில் இல்லை. ஸ்கூட்டரும் இல்லை

கலா அக்கா, 4:41
என்னடா சொல்கிறாய்

கலா அக்கா
போனை எடு

ரவி அத்தான், 4:46
நான் கிளம்பிவிட்டேன். பழைய ரோடு பக்கம் போகிறேன், நீ மார்க்கெட் பக்கம் பார்

முரளி, 5:29
கிடைத்துவிட்டார். அடி எதுவும் இல்லை

முரளி
அச்சக வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேட்டைத் தட்டியிருக்கிறார்

கலா அக்கா
எந்த அச்சகம்? அதை மூடி எவ்வளவு காலம் ஆயிற்று

முரளி
அதேதான். இப்போது குடோன். காவலாளி நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்

ரவி அத்தான்
இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. இரவு ஷிப்டுக்குக் கிளம்பியவர் மாதிரியே இருந்தார். என்னைப் பார்த்ததும் "மாப்பிள்ளை, நீங்கள் எங்கே இந்த நேரத்தில்" என்று கேட்டார்

சேகர் அண்ணன், 6:50
இப்போதுதான் பார்க்கிறேன். என்ன நடந்தது? யாராவது முழுதாகச் சொல்லுங்கள்

கலா அக்கா
மேலே படியுங்கள் அண்ணா

சித்தி, 7:02
[பகிரப்பட்ட படம்: ரோஜாப் பூவும் காலை வணக்கமும்]

நித்யா
பாட்டி, மேலே படியுங்கள்

சித்தி
ஐயோ. அத்தானுக்கு என்ன ஆயிற்று?

ரவி அத்தான்
எனக்கு ஒன்றும் இல்லை சித்தி, தூக்கம்தான் போச்சு

சித்தி
உங்களைச் சொல்லவில்லை மாப்பிள்ளை. நான் என் அத்தானைக் கேட்டேன்

சேகர் அண்ணன், 7:34
எல்லோரும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மறதி என்றாலே அல்சைமர் என்று முடிவுகட்டக் கூடாது. பி12 குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும்கூட வயதானவர்கள் இப்படிக் குழம்புவார்கள். சில தூக்க மாத்திரைகள், ஒவ்வாமை மாத்திரைகளும் இதைச் செய்யும். எப்போதோ கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், உள்ளே மெல்ல ரத்தம் கட்டி, சில வாரம் கழித்துக்கூடத் தெரியவரும். இவற்றையெல்லாம் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஆகவே முதலில் ரத்தம், சிறுநீர், பிறகு தலைக்கு ஸ்கேன். இன்னொன்று. 1906இல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயை முதலில் விவரித்தார். அவர் பார்த்த பெண்மணி மருத்துவமனைக்கு வந்தபோது வயது 51தான். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இன்று 5.5 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு மறதி நோய் இருக்கிறது. அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர். மீதி வேறு வேறு வகை. எது என்று தெரியாமல் பயப்படுவதில் பயனில்லை. என் யோசனை: வெள்ளிக்கிழமை அப்பாவை கூட்டி சென்று காட்டிவிட்டு, ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புங்கள்

கலா அக்கா
அந்த ஜெர்மன் டாக்டரா வெள்ளிக்கிழமை கார் ஓட்டப் போகிறார்

சேகர் அண்ணன்
கலா, இது விளையாட்டு இல்லை

கலா அக்கா
நானும் விளையாடவில்லை. இவ்வளவு எழுதினீர்களே, யார் கூட்டிக்கொண்டு போவது என்று எங்கேயாவது இருக்கிறதா?

நித்யா
எங்கள் அப்பா சொன்ன டெஸ்ட் எல்லாம் சரிதான் அத்தை. ஆனால் திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். ஓரிரு நாளில் வந்த குழப்பம் என்றால் தொற்று மாதிரி ஏதாவது இருக்கும்

முரளி
மெல்லத்தான்

சேகர் அண்ணன்
அது உனக்கு எப்படித் தெரியும்? போன வாரம்கூட என்னிடம் நன்றாகப் பேசினாரே

முரளி
என் பிழைகளைத் திருத்துவதை நிறுத்திவிட்டார்

கலா அக்கா
?

முரளி
வேலைக்குப் போனதும் தினமும் ஏதாவது அனுப்புவேன். "தண்ணீர் தொட்டி நிரம்பிவிட்டது", "சாவியை கதவில் வைத்திருக்கிறேன்", இப்படி. உடனே "தண்ணீர்த் தொட்டி", "சாவியைக் கதவில்" என்று பதில் வந்துவிடும். சில மாதமாக வருவதில்லை. என்னை ஒருவழியாகக் கைகழுவிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதி அனுப்ப ஆரம்பித்தேன். சில நாள் பிடிப்பார். சில நாள் வெறும் "சரி". பிடிக்காத நாளில் காலண்டரில் ஒரு புள்ளி வைக்கிறேன். இந்த மாதம் தாள் பூராவும் புள்ளியாக இருக்கிறது

ரவி அத்தான்
நீ தப்பில்லாமல் எழுதினால்தானடா அவருக்குச் சந்தேகம் வரும்

ரவி அத்தான்
சிவப்பு மைக் கடிதம் மறந்துபோச்சா

நித்யா
அது என்ன மாமா

ரவி அத்தான்
உன் சித்தப்பா 19 வயதில் வீட்டைவிட்டுப் போனாரே, அப்போது ஒரு மன்னிப்புக் கடிதம் போட்டார். உன் தாத்தா அதைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார். மார்க்கும் போட்டார்

நித்யா
எவ்வளவு??

முரளி
35. பக்கத்தில் "தேர்ச்சி" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்துத்தான் திரும்பி வந்தேன்

சித்தி
அந்தக் கடிதத்தை அக்கா பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாள். பீரோ என்றதும் ஞாபகம் வருகிறது. என் ஏணி யார் வீட்டில் இருக்கிறது?

கலா அக்கா
சித்தி, அப்புறம்

சேகர் அண்ணன், 8:05
சரி. முரளி ஒருவனால் சமாளிக்க முடியாது. ஆளுக்கு நான்கு மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை கலா, அதற்குள் நான் இங்கே

கலா அக்கா
முடியாது

சேகர் அண்ணன்
நான் இன்னும் சொல்லியே முடிக்கவில்லை

கலா அக்கா
"முதல் முறை கலா" என்றீர்களே, அதிலேயே முடிந்துவிட்டது

கலா அக்கா
அம்மாவுக்கு முடியாமல் போனபோதும் முதல் முறை நான்தான். இரண்டாவது முறை யாருக்கும் வரவே இல்லை. வேலையை விட்டேன். நீங்கள் கடைசி வாரம் வந்து டாக்டரிடம் கேள்வி கேட்டீர்கள், எல்லோரும் "சேகர் எவ்வளவு விவரமாகக் கேட்கிறான்" என்றார்கள். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிறும் புதனும் நான் வருகிறேன். ராத்திரி தங்கச் சொன்னாலும் தங்குகிறேன். முழுப் பொறுப்பும் என் தலையில் என்றால் முடியாது

சித்தி
கலாவா இப்படிப் பேசுகிறாள்

கலா அக்கா
கலாவேதான் சித்தி

ரவி அத்தான்
நான் டைப் செய்து கொடுக்கவில்லை. யாரும் என்மேல் சந்தேகப்பட வேண்டாம்

நித்யா
வீடு மாற்றி மாற்றி வைப்பதும் நல்லதில்லை. பழகிய வீட்டில் இருட்டிலும் கால் தானாகப் பாத்ரூமுக்குப் போய்விடும். புது இடத்தில் இன்னும் குழம்புவார்

சேகர் அண்ணன்
அப்படியானால் ஏதாவது நல்ல ஹோம்

சித்தி
நான் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பேச்சே வேண்டாம்

சேகர் அண்ணன்
கேட்டேன் சித்தி, அவ்வளவுதான்

கலா அக்கா
கேட்டதில் தப்பில்லை. பகலில் மட்டும் பார்த்துக்கொள்கிற இடம் இருந்தால் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். முரளிக்கும் வேலை இருக்கிறது

சித்தி
[பகிரப்பட்டது: பத்தே நாளில் ஞாபகசக்தி திரும்பும் மூலிகை ரகசியம்! குறைந்தது 20 பேருக்கு அனுப்பவும்]

நித்யா
பாட்டி, போன ஞாபகத்தைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து எதுவும் இல்லை. டாக்டர் தரும் மாத்திரையே சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கத்தான் உதவும்

சித்தி
அனுப்பியவள் பொய் சொல்கிறவள் இல்லை

சேகர் அண்ணன், 8:19
மற்றது இருக்கட்டும். முதலில் ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஒளித்து வையுங்கள்

முரளி
சாவி அவரிடமே இருக்கிறது

சேகர் அண்ணன்
என்ன!!

முரளி
பிடுங்கினால் வீட்டையே தலைகீழாக்கித் தேடுவார். அன்றைக்குக் கண்ணாடி காணாமல் போனபோது நான்தான் திருடினேன் என்றார். சாவி சட்டைப்பையில் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. அதனால் வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டேன். உதைத்துப் பார்ப்பார், கிளம்பாது, வண்டியைத் திட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார். என்னைத் திட்ட மாட்டார்

ரவி அத்தான்
அடேய். இது நல்லாயிருக்கே

நித்யா
சித்தப்பா

நித்யா
இந்தக் குழுவில் தாத்தா இருக்கிறார்

கலா அக்கா
ஐயையோ. நீக்குடா

முரளி
பார்த்துவிட்டேன். அவர் படித்தாயிற்று

கலா அக்கா
ஹோம் என்றெல்லாம் பேசினோமே

அப்பா, 8:31
சேகர், "அப்பாவை கூட்டி சென்று" என்பது பிழை. "அப்பாவைக் கூட்டிச் சென்று". இரண்டு இடத்திலும் ஒற்று மிகும்.

சேகர் அண்ணன்
மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா. அவசரத்தில் எழுதிவிட்டேன்

சேகர் அண்ணன்
பார்த்தீர்களா எல்லோரும்? அவ்வளவு நீளச் செய்தியில் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். நாம்தான் ஒன்றைப் பத்தாக்குகிறோம். ஏதோ தூக்கக் கலக்கத்தில் போயிருப்பார்

அப்பா, 8:34
இன்று இரவு எனக்குப் பணி உண்டா? ஃபோர்மேன் ஒன்றும் சொல்லவில்லை. கேட் பூட்டியிருந்தது.

சேகர் அண்ணன், 8:41
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி, 8:42
இன்றைக்கு வார விடுமுறை அப்பா. பக்கமெல்லாம் நேற்றே அச்சுக்குப் போய்விட்டது

அப்பா
முதல் பக்கத்தை யார் பார்த்தது?

முரளி
நீங்கள்தான்

அப்பா
அப்படியானால் சரி.

நித்யா "வெள்ளிக்கிழமை" என்ற புதிய குழுவை உருவாக்கினார்
நித்யா உங்களைச் சேர்த்தார்

நித்யா, 8:50
தாத்தாவைப் பற்றி இனிமேல் இங்கே மட்டும் பேசுங்கள், ப்ளீஸ்

சேகர் அண்ணன்
அச்சகத்தை மூடிவிட்டார்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். உடனே நீக்கிவிட்டேன். அதை அவர் படித்தாரா முரளி?

முரளி
இல்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்

முரளி
மூடியாச்சு என்று நானும் முன்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தேன் அண்ணா. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் வேலை போன மாதிரி முகம் மாறிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். அதனால் சொல்வதை விட்டுவிட்டேன்

சேகர் அண்ணன்
என்னிடம் போனில் நன்றாகத்தானே பேசுகிறார். நித்யாவின் பரீட்சை பற்றியெல்லாம் கேட்டாரே

முரளி
ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அதற்குத் தயாராவார். போன் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருப்பார்

முரளி
[படம்]

முரளி
போன வாரத்துச் சீட்டு

கலா அக்கா
"சேகர். மகள் பெயர் நித்யா. தேர்வு எப்படி எழுதினாள் என்று கேட்க. முதுகுவலி குறைந்ததா என்று கேட்க. ஸ்கூட்டர் பற்றிச் சொல்ல வேண்டாம்"

ரவி அத்தான்
கையெழுத்து மட்டும் இன்னும் அச்சு மாதிரி இருக்கிறது

நித்யா
என் பெயரை எழுதி வைத்திருக்கிறார்

சேகர் அண்ணன், 9:08
நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்

கலா அக்கா
வருகிறீர்களா, "பார்க்கிறேன்" என்று சொல்லப் போகிறீர்களா

சேகர் அண்ணன்
டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காத்திருப்புப் பட்டியல்தான் காட்டுகிறது. சனிக்கிழமை என்றால் தாராளமாகக் கிடைக்கிறது

கலா அக்கா
டாக்டர் சனிக்கிழமை இல்லை

சேகர் அண்ணன்
பஸ் பார்க்கிறேன்

நித்யா
அத்தை, நானும் வருகிறேன். எங்கள் அப்பாவுக்கு டிக்கெட் கிடைக்காவிட்டாலும் நான் வருவேன்

முரளி
வரும்போது அவருடைய பழைய மாத்திரைச் சீட்டு யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள். தூக்கத்துக்கு எப்போதோ ஒன்று வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் சொன்னதுதான், அதையும் காட்டிவிடலாம்

சேகர் அண்ணன்
அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. நான்தான் அப்போது வாங்கிக் கொடுத்தேன்

கலா அக்கா
ஞாயிறு, புதன் நான். அதில் மாற்றம் இல்லை. மற்ற நாளை நீங்கள் மூன்று பேரும் பேசி முடிவு செய்யுங்கள்

ரவி அத்தான்
மூன்றாவது ஆள் யார்

கலா அக்கா
நீங்கள்தான்

"ஒற்று மிகும் இடங்கள்" குழுவில்

சித்தி, 9:26
என்ன யாரும் பேசவில்லை? வெள்ளிக்கிழமை என்று ஒரு குழு காட்டுகிறதே, அதில் எதை அமுக்குவது? அத்தானைப் பற்றி அங்கேதான் பேசுகிறீர்களா?

நித்யா
பாட்டி, நான் போன் செய்கிறேன்

அப்பா, 9:31
முரளி, கழற்றிய பிளக்கை எண்ணெய்த் துணியில் சுற்றி வை. துருப்பிடித்துவிடும்.

முரளி
சரி அப்பா

சித்தி
எந்தப் பிளக்? மிக்சி பிளக்கா?

அப்பா
வண்டிப் பிளக். இனி வண்டி ஓடாது. வெள்ளிக்கிழமை எதில் போகிறோம்?

ரவி அத்தான்
நம்ம காரில் மாமா. நான் ஓட்டுகிறேன்

கலா அக்கா
கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறது

ரவி அத்தான்
வியாழக்கிழமை தருவதாகச் சொன்னானே

கலா அக்கா
போன வியாழக்கிழமையும் அதைத்தான் சொன்னான்

சித்தி
அப்போது என் ஏணி?