புதுப்பிப்பு: ஒலிப்பதிவுப் பாடம் பலித்தது, நன்றி

உயர்நிலை ஒன்று மாணவர்கள் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் இணையத்தளமான ‘மாணவர் கற்றல் தளத்தில்’ குரலைப் பதிவு செய்யத் தயங்குகிறார்கள், என்ன செய்யலாம் என்று சக தமிழாசிரியர்களான உங்களிடம் சென்ற மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி முதலில் இருவர் இருவராகப் பேசவிட்டேன். தனிப்பதிவை அதற்கடுத்த வாரம்தான் வைத்தேன்.

வாயே திறக்காத ஒரு மாணவி, தன் பாட்டி தேக்கா சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுவதை 40 விநாடி சொன்னாள். ‘கிழங்கான்’ என்ற மீன் பெயரில் ழகரம் தடுமாறியது. நிறுத்தி, திருத்திச் சொன்னாள். மூன்று முறை கேட்டேன்.

2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்த தளம் இது. அதை இயக்கப் பயிலரங்கில் படித்தேன். பிள்ளைகளைப் பேசவைக்கும் வழியோ சக தமிழாசிரியர்களிடமிருந்துதான் கிடைத்தது. பாடத்தைத் தளத்திலேயே பகிர்ந்திருக்கிறேன். உங்கள் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். உயர்நிலை மூன்றில் யாராவது செய்துபார்த்தால் அவசியம் எழுதுங்கள்.