கைட்டோசான் நானோதுகள் எல்பி ஊடகத்தில் திரிந்து போகிறது, வழி சொல்லுங்கள்

மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். குரோமோபாக்டீரியம் வயலேசியம் (ஏடிசிசி 12472 வகை) என்ற பாக்டீரியா கூட்டம் சேர்ந்ததும் தங்களுக்குள் சமிக்ஞை கொடுத்து ஊதா நிறமியைச் சுரக்கும். கொல்லாமல் அந்தப் பேச்சை மட்டும் வெட்ட வேண்டும். என் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) துகளைப் போட்டால் ஊதா குறைகிறது, கூடவே பாக்டீரியாவும் சாகிறது.

துகள்: 1% அசிட்டிக் அமிலத்தில் கைட்டோசான், மேலே டிபிபி (கைட்டோசானைத் துகளாகப் பிணைக்கும் பாஸ்பேட் உப்பு) சொட்டுச் சொட்டாக, 5:1. அளவு 210 நானோமீட்டர், ஜீட்டா (துகள் மேற்பரப்பின் மின்னழுத்தம்) +32 மில்லிவோல்ட். வளர்ப்பு எல்பியில் (பாக்டீரியா வளர்க்கும் நடுநிலை ஊடகம்), 30 டிகிரி, 24 மணி நேரம். நிறமியை டிஎம்எஸ்ஓ கரைப்பானில் பிரித்து 585 நானோமீட்டர் ஒளியில் பார்க்கிறேன். துகளே 600இல் ஒளியைச் சிதறடிப்பதால் ஓடியை (கலங்கலை வைத்து பாக்டீரியாவை மதிப்பிடும் அளவீடு) நம்பாமல் தட்டில் காலனி எண்ணுகிறேன். (எண்ணி எண்ணிக் கண் பூத்துவிட்டது.)

துகள் இல்லாமல் வெறும் அமிலத்தை மட்டும் ஊற்றிப் பார்த்தேன், அதுவும் கொல்கிறது. ஆக, பாதிப் பழி அமிலத்துக்கு. அமிலத்தை நீக்க சென்ட்ரிஃபியூஜ் செய்து கழுவினால் அடியில் படிந்தது மறுபடி கரைவதில்லை, சோனிகேட்டருக்கும் (ஒலியலையால் கலைக்கும் கருவி) அசையவில்லை. டயாலிசிஸில் (சவ்வு வழியே அமிலத்தை வெளியேற்றும் முறை) பிஎச் 6.5 தாண்டியதும் திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டுகிறது. போடும் துகளின் செறிவைக் குறைத்தால் பாக்டீரியா பிழைக்கிறது, ஊதாவும் அப்படியே இருக்கிறது.

சிவி026 வகையும் (தானாகச் சமிக்ஞை செய்யாது, வெளியிலிருந்து கொடுத்தால்தான் ஊதாவாகும்) அதற்குக் கொடுக்கும் சி6 சமிக்ஞை மூலக்கூறும் கையில் உண்டு. ஆனால் துகள் நடுநிலை ஊடகத்தில் நிற்காமல் அதைத் தொட்டுப் பயனில்லை.

பிஎச் 7இல் கைட்டோசான் துகளைக் கட்டி தட்டாமல் 24 மணி நேரம் நிறுத்தியவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?