அடங்கியிருந்த ரத்தப்போக்கு மறுபடி நீளுது, காப்பர் டி காரணமா?

சின்னவன் அம்மா, பொள்ளாச்சி:
சின்னவன் பிறந்தப்பவே ஆஸ்பத்திரியில கரு தங்காம இருக்க காப்பர் டி போட்டாங்க. முதல் சில மாசம் போக்கு அதிகமா இருந்து, அப்புறம் அடங்கிடுச்சு. இப்ப அவன் யூகேஜி. தீபாவளிக்கு அப்புறம் பீரியட்ஸ் பத்து நாள் தாண்டியும் நிக்கறதில்ல, கட்டி கட்டியா போகுது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. "அந்தக் கம்பிதான், எடுத்துப் போடு"ன்னு அத்தை சொல்றாங்க. எடுத்தா சரியாயிடுமா? மூணாவது இப்ப வேண்டாம்.

தேவகி, ஸ்டாஃப் நர்ஸ்:
கண்ணு, போட்ட முதல் 3 முதல் 6 மாசம் நாள் நீளறது சகஜம். செம்பு கர்ப்பப்பை உள்சுவரை உறுத்தும், அதான் வலியும் போக்கும். உனக்கு அது அடங்கி வருஷக்கணக்காச்சு. அடங்கினது திரும்ப ஆரம்பிச்சா லூப் (அந்தக் காப்பர் டி) மேலயே பழியைப் போட்டுட்டு இருந்துடக் கூடாது. முதல்ல கர்ப்பம் இருக்கான்னு யூரின் டெஸ்ட். லூப் இருக்கறப்ப கரு தங்கறது அபூர்வம், ஆனா தங்கினா கருக்குழாய்ல தங்கியிருக்கான்னு உடனே பாக்கணும். அப்புறம் ஸ்கேன். லூப் கீழ இறங்கியிருந்தாலும் தெரியும், நார்க்கட்டி, பாலிப்ங்கற சதை வளர்ச்சி இருந்தாலும் தெரியும். தைராய்டும் பாரு. மூச்சு வாங்குதுன்னு சொன்னியே, அதான் எனக்குக் கவலை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழன்னாலே ரத்தசோகை. காய்ச்சல், அடிவயித்து வலி, நாத்தத்தோட வெள்ளைப்படுதல் இருந்தா தொற்று. போட்டப்ப கொடுத்த கார்டை எடு. அதுல லூப் வகை இருக்கும்: 380ஏன்னா 10 வருஷம், 375ன்னா 5 வருஷம்தான் வேலை செய்யும்.

மல்லிகா, ஈரோடு:
எனக்கும் இப்படித்தான். லூப் இடத்துலயே இருந்துச்சு, நார்க்கட்டிதான் காரணம். போக்கு நிக்கற மாத்திரையை நீங்களே கடையில வாங்கிப் போட்டுக்காதீங்க.

சின்னவன் அம்மா:
கார்டுல 375ன்னு இருக்குங்க அக்கா! திங்கட்கிழமை ஓபிக்குப் போறேன்.

தேவகி, ஸ்டாஃப் நர்ஸ்:
அப்ப காலம் முடியற நேரம். கர்ப்பம் இல்லைன்னு உறுதியானா, எடுக்கற அன்னிக்கே புதுசு போட்டுக்கலாம். போக்கைக் குறைக்கற ஹார்மோன் லூப் உனக்கு ஒத்துவருமான்னு டாக்டர்கிட்ட கேளு. அதுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடுன்னு ரெண்டு மணி நேரம் நனைஞ்சாலோ, தலை சுத்தினாலோ, திங்கள்வரை இருக்காதே. ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போயிடு.