காரைக்கால் வீடு குழு: ஏப்ரலில் மரி-கலாந்த்

வசந்தி, இரவு 8:05
எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் பள்ளி விடுமுறைக்கு எங்கே போவது என்று இந்த வாரம் முடிவு செய்துவிடலாம். தாமதித்தால் விமானச் சீட்டு விலை கைக்கு எட்டாது. என் விருப்பம் கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவுப் பகுதியான குவாதலூப். அதிலும் பெரிய தீவில் தங்காமல் பக்கத்தில் இருக்கும் மரி-கலாந்த் என்ற சின்னத் தீவில்.

பிரபு, இரவு 8:11
அக்கா, அவ்வளவு தூரம் போகிறோம், ஒரே தீவில் உட்கார வேண்டுமா? சேன் மார்த்தேன், லே சேன்த், டொமினிக்கா என்று மூன்று நான்கு பார்த்துவிடலாம். எனக்கு ஆகஸ்டில் போனால்தான் விடுப்பு எளிது.

வசந்தி, இரவு 8:19
ஆகஸ்ட் வேண்டாம் பிரபு. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்தான் அதிலும் மோசம். 1989இல் ஹியூகோ புயல் அந்தத் தீவுகளைப் புரட்டிப் போட்டது செப்டம்பரில். 2017இல் மரியா வந்ததும் செப்டம்பர்தான். டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு, காற்றும் இதமாக இருக்கும். ஏப்ரல் அதற்குள் வருகிறது.

தீவு தீவாகப் போவதைப் பற்றியும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டி, படகுக்கு ஓடி, கார் எடுத்து, திருப்பிக் கொடுத்து... அத்தைக்கு முழங்கால் வலி, ஆதி சின்னப் பிள்ளை. டொமினிக்கா தனி நாடு, பாஸ்போர்ட்டு வேலையும் சேர்ந்துகொள்ளும். ஒரே இடத்தில் ஒரு வாரம் இருந்தால்தான் எல்லோருக்கும் ஓய்வு கிடைக்கும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கலா அத்தை, இரவு 8:24
வசந்தி சொல்வது சரி. ஆனால் அந்தத் தீவுக்குப் படகில்தானே போக வேண்டும்? எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதே.

சித்தப்பா, இரவு 8:40
அக்கா, என்னோடு தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் மரி-கலாந்த்காரர். இப்போது ஊரிலேயே இருக்கிறார். அவரிடம் பேசினேன். பெரிய தீவின் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்திலிருந்து படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கிழக்கிலிருந்து எப்போதும் காற்று அடிப்பதால் போகும்போது ஆட்டம் இருக்குமாம், திரும்பும்போது அவ்வளவு இல்லை. காலைப் படகில் போங்கள், கீழ்த் தட்டில் பின்பக்கம் உட்காருங்கள், ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது.

வசந்தி, இரவு 8:46
நன்றி சித்தப்பா. பாரிசின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து விமானம் எட்டரை, ஒன்பது மணி நேரம். அங்கே இறங்கும்போது பெரும்பாலும் பிற்பகல் ஆகிவிடும். அன்றே கடைசிப் படகைப் பிடிக்க ஓட வேண்டாம். முதல் இரவு பெரிய தீவில் தங்கிவிட்டு மறுநாள் காலை கடலைக் கடக்கலாம். அத்தைக்கும் அதுதான் நல்லது.

பிரபு, இரவு 8:52
சரி அக்கா, ஏப்ரலுக்கு விடுப்புக் கேட்டுப் பார்க்கிறேன். வீடு நான் பார்க்கிறேன். கப்பெஸ்டேர் பக்கம் லா ஃபெய்யேர் கடற்கரை படத்தில் மிக அழகாக இருக்கிறது. பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் ஆதிக்கும் பயமில்லை.

சித்தப்பா, இரவு 9:01
அங்கே வீடு எடுக்காதே பிரபு. அழகில் குறை இல்லை. ஆனால் அது அட்லாண்டிக்கைப் பார்த்த பக்கம், சர்காசம் பாசி வந்து குவிவது அந்தக் கரையில்தான். கரையில் அழுகினால் முட்டை கெட்ட வாடை அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. ஆதிக்கு மூச்சிரைப்பு இருக்கிறதே. மேற்கே சேன் லூயி பக்கம் கடல் அமைதி, பாசியும் அரிது. ஆன்ஸ் கனோ, மூஸ்திக் கடற்கரைகள் அருகில். தீவின் குறுக்களவே சுமார் பதினைந்து கிலோமீட்டர். பாசி இல்லாத நாளாகப் பார்த்து லா ஃபெய்யேருக்கு ஒரு நாள் காரில் போய் வரலாம்.

பிரபு, இரவு 9:04
நல்ல வேளை சொன்னீர்கள் சித்தப்பா. அப்படியானால் சேன் லூயியில் பார்க்கிறேன். மாடிப்படி இல்லாத வீடு, சமையலறையோடு.

மதி, இரவு 9:10
பிரபு அண்ணா, கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரம் இருந்தால் ஆதியை அருகில் விடாதீர்கள். மான்சினீல் மரம். காய் சின்னப் பச்சை ஆப்பிள் போல இருக்கும், கடும் நஞ்சு. மழையில் அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். எல்லா மரத்திலும் பட்டை இருக்காது, அதனால் அங்கே போனதும் ஒரு மரத்தை அவனுக்குக் காட்டிவிடலாம்.

அப்புறம், வெறும் கடற்கரை என்று மட்டும் நினைக்க வேண்டாம். முரா என்ற பழைய கரும்புத் தோட்ட மாளிகை இருக்கிறது. நூற்றுக்கணக்கான அடிமைகள் உழைத்த இடம், இப்போது அருங்காட்சியகம். 1848இல் அடிமை முறை ஒழிந்தது. மறு ஆண்டு ஜூனில் நடந்த தேர்தலில் மோசடி என்று விடுதலை பெற்ற மக்கள் கொதித்து எழுந்தார்கள். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது முதலாளிகளின் சர்க்கரையையும் ரம்மையும் கொட்டிய குளம் இன்றும் இருக்கிறது. அதை நான் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வசந்தி, இரவு 9:16
நிச்சயம் போவோம் மதி. ஏப்ரலில் கரும்பு வெட்டும் நடக்கும். மாட்டு வண்டியைச் சாலையில் பார்க்கலாம்.

செல்வி, இரவு 9:21
அண்ணி, நான் காரைக்காலிலிருந்து. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, பாட்டி இன்னும் தூங்கவில்லை. நீங்கள் எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஏப்ரலில் பாட்டி அங்கே வருகிறார்களே, அவர்களையும் அழைத்துப் போவீர்களா என்று கேட்கச் சொன்னார்கள்.

கலா அத்தை, இரவு 9:23
அம்மா இல்லாமல் நாங்கள் எங்கே போகப் போகிறோம்? கூட வருவார் என்று சொல் செல்வி.

வசந்தி, இரவு 9:34
பாட்டி கட்டாயம் வர வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் கவனியுங்கள். குவாதலூப் பிரான்சின் பகுதிதான், யூரோதான் நாணயம். ஆனால் அது ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டாரமான ஷெங்கன் எல்லைக்குள் வராது. நமக்குச் சிக்கல் இல்லை. நிலாவிடம் இந்தியப் பாஸ்போர்ட்டு இருந்தாலும் பிரான்சின் வதிவிட அட்டை இருப்பதால் அவளுக்கும் தனி விசா வேண்டாம். பாட்டிக்கு எடுப்பது குறுகிய கால ஷெங்கன் விசா. சாதாரணமாக அதை மட்டும் வைத்துக்கொண்டு குவாதலூப் விமானத்தில் ஏற முடியாது. போய்த் திரும்பினால் மறுபடி ஷெங்கனுக்குள் நுழைவதாகக் கணக்கு, எனவே ஒரே முறை நுழையும் விசாவும் போதாது.

செல்வி, விண்ணப்பம் இன்னும் கொடுக்கவில்லைதானே? பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குவாதலூப் பயணத்தையும் சேர்த்துத் தெளிவாக எழுது, பலமுறை நுழையும்படி கேள். கடல்கடந்த பகுதிகளுக்கு எந்த விசா வேண்டும் என்று தூதரகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள். மருத்துவக் காப்பீடும் குவாதலூப்புக்குச் செல்லுமா என்று பார்க்க வேண்டும்.

செல்வி, இரவு 9:38
இன்னும் கொடுக்கவில்லை அண்ணி. நாளையே மின்னஞ்சல் அனுப்புகிறேன்.

செல்வி, இரவு 9:47
பாட்டி சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "கலா, அந்த நாட்டுக்கு நம் ஊர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் கரும்பு வெட்டப் போனார்கள் என்று என் மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். போனவர்கள் திரும்பவில்லை. அவர்கள் பிள்ளைகள் இன்னும் சாமி கும்பிடுகிறார்களா? அதைப் பார்த்தால் போதும் எனக்கு."

மதி, இரவு 9:58
கும்பிடுகிறார்கள் பாட்டி! முதல் கப்பல் ஒரேலி. 1854 டிசம்பர் 24 அன்று 300க்கும் மேற்பட்டவர்களோடு புவாந்த்-ஆ-பித்ர் வந்தது. அடுத்த சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே இறங்கினார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். மொழி பேச்சில் மறைந்துவிட்டது. ஆனால் மாரியம்மன் இருக்கிறாள். பெரிய தீவில் கப்பெஸ்டேர்-பெல்-ஓ ஊரில், ஷாங்ஜி என்ற இடத்தில் சாலையோரமாகவே கோயில். அதே ஊர்க்காரர் ஆன்றி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை வழக்காடி இந்தியர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கிடைக்கப் பாடுபட்டார். முருங்கையும் கறிவேப்பிலையும் வேம்பும் அங்கே வளர்கின்றன பாட்டி.

கலா அத்தை, இரவு 10:03
படிக்கும்போதே கண் கலங்குகிறது மதி. பிரபு கப்பெஸ்டேரில்தானே வீடு பார்த்தான்? கோயில் பக்கத்தில் என்றால் அங்கேயே...

மதி, இரவு 10:05
இல்லை அத்தை, இரண்டு கப்பெஸ்டேர் உண்டு. ஒன்று மரி-கலாந்தில், கோயில் இருக்கும் கப்பெஸ்டேர்-பெல்-ஓ பெரிய தீவில். வீடு பதிவு செய்யும்போது பிரபு அண்ணாவும் முழுப் பெயரைப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா, இரவு 10:12
கடைசி இரண்டு இரவைப் பெரிய தீவில் வைத்துக்கொள்வோம். ஊர் திரும்பும் விமானம் மாலையில்தான். அதற்கு முந்தைய நாளை முழுதாகக் கோயிலுக்குக் கொடுக்கலாம். பெரிய பூசை நாளில் கிடா வெட்டி, வாழையிலையில் கொலம்போ என்ற அந்த ஊர் மசாலாக் குழம்போடு சாப்பாடு போடுவார்கள். அக்கா சைவம், அதனால் அன்று பூசை உண்டா என்று நண்பரிடம் முன்பே விசாரிக்கிறேன்.

கலா அத்தை, இரவு 10:15
பூசை நாளானாலும் வருவேன் தம்பி. சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மனுக்குப் புடவை ஒன்று இங்கிருந்து எடுத்துப் போக வேண்டும். கொடுக்கலாமா, யாரிடம் கொடுப்பது என்று அதையும் கேள்.

வசந்தி, இரவு 10:24
சரி, அப்படியானால் இதுதான் திட்டம். செல்வி தூதரகத்துக்கு எழுதட்டும். பதில் வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத சீட்டு எதையும் யாரும் வாங்க வேண்டாம். பிரபு சேன் லூயியில் ரத்து செய்யக்கூடிய வீடாகப் பிடிக்கட்டும், ஈஸ்டரை ஒட்டிய வாரத்தைத் தவிர்த்தால் நல்லது. அப்போது உள்ளூர்க்காரர்களே கடற்கரையில் கூடாரம் போட்டு, நண்டுச் சோறு சமைத்துக் கொண்டாடுவார்கள். வீடும் காரும் கிடைப்பது கடினம். பேருந்தை நம்ப முடியாது, எல்லோரும் உட்காரும்படி பெரிய கார் வேண்டும்.

பிரபு, இரவு 10:29
கார் இன்றே பார்த்துவிடுகிறேன் அக்கா, சின்னத் தீவில் பெரிய வண்டி அதிகம் இருக்காது. செல்வி, பாட்டியின் பாஸ்போர்ட்டு எதுவரை செல்லும் என்று முதல் பக்கத்தைப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்பு. குழுவில் போட வேண்டாம்.

செல்வி, இரவு 10:31
அலமாரியில் இருக்கிறது அண்ணா. காலையில் எடுத்து அனுப்புகிறேன்.